அப்படியே பொருந்தும்

மார்ச் 3

அக்காவுக்கு,

என் போன் எண்ணை நீ தடுத்துவைத்து ஏழு மாதம் ஆகிறது. போன வாரம் அம்மா மூலமாக ஒரு உதவி கேட்டேன். நீ சொல்லியனுப்பிய பதில் இது: "எதுவா இருந்தாலும் பேப்பர்ல எழுதி, தேதி போட்டு, கையெழுத்துப் போட்டு அனுப்பச் சொல்லு. போன்ல பேசினா மறுநாளே அப்படிச் சொல்லவே இல்லைன்னு சாதிப்பான்." சர்வீஸ் சென்டரில் நீ பழுதுச் சீட்டு எழுதி எழுதிப் பழகியதில், கூடப்பிறந்த நானும் உனக்கு ஒரு வாடிக்கையாளன் ஆகிவிட்டேன். பரவாயில்லை, எழுதுகிறேன். தேதி மேலே இருக்கிறது, பார்த்துக்கொள்.

என் கம்ப்யூட்டர் சாகக் கிடக்கிறது. மூன்று வருடத்துக்கு முன் நீ கட்டிக்கொடுத்த அதே பெட்டிதான். விளையாட்டில் சண்டை சூடு பிடிக்கும் நேரம் பார்த்துப் பட்டென்று அணைந்துவிடுகிறது. முன்பெல்லாம் அரை மணி நேரமாவது ஓடும். இப்போது விளையாடாமல் சும்மா திறந்துவைத்தாலும் நாலே நிமிடம். ஏப்ரல் கடைசியில் தகுதிச் சுற்று. ஐந்து பேர் அணியில் நான் மட்டும் பாதியில் காணாமல் போனால் மற்ற நாலு பேரும் என்னைத் தலைமுழுகிவிட்டு வேறு ஆள் தேடிக்கொள்வார்கள். எனக்கு வேறு எந்த வேலையும் தெரியாது என்பது உனக்கே தெரியும், பலமுறை என் முகத்துக்கு நேரே சொல்லியும் இருக்கிறாய்.

பவர் சப்ளையும் கூலரும் மாற்ற வேண்டும் போலிருக்கிறது. எதை வாங்குவது? கடைக்காரனைக் கேட்டால் எதில் அதிக விளக்கு எரிகிறதோ அதைக் காட்டுகிறான்.

சும்மா கேட்கவில்லை. அம்மாவின் குரல் என்னிடம் இருக்கிறது. தொண்டையில் ஆபரேஷன் நடப்பதற்கு முன் பதினோரு நாள் அவளை என் மைக்குக்கு முன்னால் உட்காரவைத்து எண்ணூறு வாக்கியங்கள் பதிந்தேன். அதைக் கொடுத்தால் போனில் இருக்கும் பேச்சுச் செயலி அவள் குரலிலேயே பேசும். இப்போது அவள் தட்டுவதைச் செயலிக்குள்ளிருந்து படித்துக்காட்டுகிறாளே ஒரு பெண், ரயில் தாமதம் என்று அறிவிப்பவள் மாதிரி, அந்தக் குரலைக் கேட்டாலே நீ முகத்தைச் சுளிக்கிறாய் என்று அம்மா செய்தி அனுப்பினாள். பதிவு தனி டிஸ்க்கில், என் அலமாரியில் பத்திரமாக இருக்கிறது. என் கம்ப்யூட்டர் ஓட ஆரம்பித்த அன்றே அது உன் வீட்டுக்கு வந்து சேரும்.

சின்னவன்


மார்ச் 9

தம்பி,

பெற்றவள் குரலை அலமாரியில் பூட்டிவைத்துக்கொண்டு ஒரு ஃபேனுக்கும் ஒரு இரும்புப் பெட்டிக்கும் பேரம் பேச உன் ஒருவனால்தான் முடியும். இந்தக் கடிதத்தைப் பத்திரப்படுத்தியிருக்கிறேன்.

தொண்டையை அறுத்த அன்று நீ எங்கே இருந்தாய்? ஏதோ ஒரு அரங்கத்தில், காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, ஊர் பேர் தெரியாதவர்களைச் சுட்டுக்கொண்டிருந்தாய். "எனக்கு யாரும் தேதி சொல்லலை" என்றாய். செவ்வாய்க்கிழமை என்று நான் போனில் சொன்னேன். அதற்கு என்னிடம் காகிதம் இல்லை. அதனால்தான் இப்போது காகிதம் கேட்கிறேன். குழாய் மாட்டிய கழுத்தோடு அவள் மூன்று நாள் வாசலைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். டாக்டர் வந்தாலும் நர்ஸ் வந்தாலும் நீதான் என்று தலையைத் தூக்கினாள்.

இப்போது பழுது. நான் கட்டிக்கொடுத்தபோது உள்ளே இருந்தது 450 வாட் பவர் சப்ளை. அப்போது உன்னிடம் இருந்த சின்ன கிராபிக்ஸ் கார்டுக்கு அது போதும். அதன்பிறகு யார் பேச்சையும் கேட்காமல் செங்கல் கனத்தில் ஒரு கார்டை வாங்கி மாட்டியிருப்பாய். அது சண்டைக் காட்சியில் ஒரு நொடி மூச்சை இழுத்தாலே இந்தப் பெட்டிக்கு மயக்கம் வந்துவிடும். இப்போது நாலு நிமிடத்தில் விழுகிறது என்றால் வெப்பமும் ஒரு காரணம். கூலரை என்றைக்காவது சுத்தம் செய்தாயா? கேட்டதே தப்பு. நீ சாப்பிட்ட தட்டையே கழுவியதில்லை.

கேள்விகளுக்கு வரிசையாகப் பதில் எழுது. கார்டு என்ன? உள்ளே வெப்பம் எத்தனை டிகிரி காட்டுகிறது? பக்கவாட்டுக் கதவுக்கும் பிராசஸருக்கும் நடுவே எத்தனை மில்லிமீட்டர் இடம்? ஸ்கேலால் அள, கண்ணால் அல்ல.

முதலில் டிஸ்க் வரட்டும். அப்புறம் மற்றது.

பெரியவள்


மார்ச் 15

அக்காவுக்கு,

டிஸ்க் முதலில் வராது. டிஸ்க் கைக்கு வந்ததும் நீ என் கடிதங்களைக் குப்பைக்கூடையில் போடுவாய். போன வருடம் என் பழைய கார்டு செத்துவிட்டது என்று நீயே சொல்லி வாங்கிப் போனாய். இரண்டு மாதம் கழித்து உன் சர்வீஸ் சென்டரில் ஒரு வாடிக்கையாளரின் பெட்டிக்குள் அதே கார்டு, நான் ஒட்டிய ஸ்டிக்கரோடு, ஜம்மென்று ஓடிக்கொண்டிருந்தது. "ரிப்பேர் பண்ணினேன், ஓடுச்சு, அதுக்கென்ன இப்போ?" என்றாய். உன்னிடம் பேசி ஜெயித்தவர் யார்?

உன் கேள்விகளுக்குப் பதில். கார்டு நீ சொன்ன மாதிரி செங்கல்தான், முந்நூற்று இருபது வாட் இழுக்கும். வெப்பம் 97 காட்டிவிட்டு அணைகிறது. ஸ்கேலால்தான் அளந்தேன், 160 மில்லிமீட்டர். கூலரைத் திறந்து பார்த்தேன். தூசி கம்பளி மாதிரி படிந்திருக்கிறது. நீ சிரிப்பது இங்கே கேட்கிறது.

எனக்குத் தண்ணீர் ஓடும் கூலர் வாங்க ஆசை. அணியில் எல்லோரிடமும் அதுதான் இருக்கிறது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பதிவின்போது அம்மா வெறும் வாக்கியங்களை மட்டும் படிக்கவில்லை. நடுநடுவே தண்ணீர் குடிப்பாள், ஏதாவது பேசுவாள். மைக்கை நான் அணைக்கவில்லை. உன்னைப் பற்றியும் பேசினாள். அவளோடு இத்தனை வருடம் ஒரே வீட்டில் இருந்துகொண்டு, மருந்து கொடுத்து, குழாயைத் துடைத்து, தியாகத்துக்கு ஒரு மெடல் வாங்கிவிடலாம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாயே, அவள் மனதில் நீ யார் என்று அதில் இருக்கிறது. எனக்குப் பலமுறை கேட்டு மனப்பாடமே ஆகிவிட்டது. உனக்குச் சொல்லமாட்டேன். குரல் வரும்போது சேர்த்தே கேட்டுக்கொள். கேட்கும்போது உட்கார்ந்துகொள், நின்றுகொண்டு கேட்காதே.

சின்னவன்


மார்ச் 21

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் வந்து மூன்று நாள் ஆகிறது. உடனே பதில் எழுதினால் கோபத்தில் எதையாவது எழுதிவிடுவேன் என்று தள்ளிப்போட்டேன். யோசித்துப் பார்த்தால் நமக்குள் இந்தச் சண்டை வேண்டாம். நான் சொல்கிற மாதிரி செய். இந்த ஒரு முறையாவது உன் இஷ்டத்துக்குச் செய்யாமல் சொன்னபடி செய்.

பவர் சப்ளை 850 வாட் வாங்கு. பெட்டிமேல் தங்கம், வெள்ளி என்று போட்டிருப்பதைப் பார்த்து மயங்காதே. அது கரன்ட்டை எவ்வளவு வீணாக்காமல் கொடுக்கிறது என்பதற்கான முத்திரை, பெட்டி எத்தனை வருடம் உழைக்கும் என்பதற்கு அல்ல. பத்து வருட வாரன்ட்டி இருக்கிறதா என்று பார். தயாரித்தவனே மூன்று வருடத்துக்குமேல் நம்பாத பெட்டியை நீ நம்பாதே. தூக்கிப் பார்த்தால் கனமாக இருக்க வேண்டும்.

தண்ணீர் கூலர் வேண்டாம். அதில் ஒரு குட்டி பம்ப் ஓடுகிறது, அது நின்றால் எல்லாம் நின்றது. உன் வீட்டில் செடிகூடப் பிழைத்ததில்லை. இரண்டு ஃபேன் வைத்த கோபுர கூலர் வாங்கு. உயரம் 155 மில்லிமீட்டருக்குள் இருக்கட்டும். 165 வாங்கினால் கதவு மூடாது, நீ கதவைக் கழற்றிப்போட்டுவிட்டு விளையாடுவாய். அடித்தட்டில் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கும், அதை உரித்தெடு. எங்கள் மேசைக்கு வாரம் இரண்டு பேர் அதை உரிக்காமல் மாட்டிவிட்டு வந்து அழுகிறார்கள். பேஸ்ட்டை ஒரு பயறு அளவு வை, ரொட்டிக்கு வெண்ணெய் தடவுவது போல் தடவாதே. நாலு திருகையும் குறுக்குக்குறுக்காக, கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கு.

இனி ஒயர். உன் பழைய பவர் சப்ளையில் ஒயர்கள் பெட்டியோடு ஒட்டியவை அல்ல, பின்னால் செருகிக் கழற்றும் வகை. புதியதும் அப்படித்தான் இருக்கும். நான் அந்த ஒயர்களைக் கம்ப்யூட்டரின் உள்தட்டுக்குப் பின்னால் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து கட்டினேன். அதையெல்லாம் அவிழ்த்து அலங்கோலம் செய்யாதே. ஒயர்களை மாற்றாதே. பழையதையே புதுப் பெட்டியில் செருகு, அப்படியே பொருந்தும். புது ஒயர்ப் பையைப் பிரிக்கவே வேண்டாம்.

எல்லாம் முடிந்து ஓடியதும் எழுது. அம்மா நலம்.

அக்கா


ஏப்ரல் 1

அன்புள்ள அக்கா,

"அன்புள்ள" என்று நீ எழுதியதை நாலு முறை படித்தேன். தேதியைப் பார்த்து முட்டாள்கள் தினம் என்று நினைக்காதே, நிஜமாகத்தான் எழுதுகிறேன்.

எல்லாம் நீ சொன்னபடி. 850 வாட், பத்து வருட வாரன்ட்டி, தூக்கினால் கை இறங்குகிறது. கடைக்காரன் விளக்கு எரியும் ஒன்றை நீட்டினான். "எங்க அக்கா இதுதான் சொல்லியிருக்கா" என்று சொல்லிவிட்டு வந்தேன். என் வாயிலிருந்து அப்படி ஒரு வாக்கியம் வந்ததில் எனக்கே ஆச்சரியம். கூலர் 154 மில்லிமீட்டர், கதவு மூடுகிறது. பிளாஸ்டிக் தாளை உரித்தேன். பயறு அளவு பேஸ்ட். ஒயர்களில் உன் ஒரு முடிச்சைக்கூட அவிழ்க்கவில்லை. பழைய பெட்டியிலிருந்து கழற்றிப் புதியதில் செருகினேன். நீ சொன்ன மாதிரியே அப்படியே பொருந்தியது. புது ஒயர்ப் பை பிரிக்காமல் அப்படியே கிடக்கிறது.

கூலரின் ஒரு ஃபேன் கொக்கி உடைந்து வந்திருக்கிறது. கடைக்காரன் வெள்ளிக்கிழமை வேறு தருகிறான். சனிக்கிழமை காலை பட்டனை அழுத்துவேன்.

ஒரு பொய் சொன்னேன், அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். தனி டிஸ்க் என்று எதுவும் கிடையாது. அம்மாவின் குரல் இந்தக் கம்ப்யூட்டருக்குள்ளேதான் இருக்கிறது. வேறு எங்கும் இல்லை. பிரதி எடுக்கவில்லை என்று தெரிந்தால் நீ என்னைக் கிழித்துத் தோரணம் கட்டுவாய் என்று பயந்து அப்படி எழுதினேன். நாலு நிமிடத்தில் அணைவதால் பிறகு பிரதி எடுக்கவும் முடியவில்லை. சனிக்கிழமை முதல் வேலையே அதுதான். விளையாட்டெல்லாம் அப்புறம்.

போன கடிதத்தில் அம்மாவைச் சொல்லி உன்னைக் குத்தியதும் தப்பு. அவள் அப்படி ஒன்றும் மோசமாகச் சொல்லவில்லை. நேரில் கேட்டுக்கொள்.

தம்பி


ஏப்ரல் 4, வியாழன்

பட்டனை அழுத்தாதே.

இந்தக் கடிதம் எப்போது கைக்கு வந்தாலும் சரி, அந்த நிமிடமே சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கு. பழைய ஒயர்கள் எல்லாவற்றையும் கழற்று. புதுப் பெட்டியோடு வந்த ஒயர்களை மட்டும் போடு. காரணம் பிறகு எழுதுகிறேன்.

இருபத்திரண்டு முறை உனக்கு அடித்தேன். நீயும் என் எண்ணைத் தடுத்துவைத்திருக்கிறாய். விரைவுத் தபாலில் அனுப்புகிறேன். சனிக்கிழமை காலைக்குள் வந்துவிடும் என்று கவுன்டரில் சொன்னார்கள்.

அழுத்தாதே.

அக்கா


ஏப்ரல் 17

பெரியவளுக்கு,

உன் விரைவுத் தபால் திங்கட்கிழமை வந்தது.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பட்டனை அழுத்தினேன். ஒரு "டிக்". பிறகு நெயில் பாலிஷ் எரிந்த மாதிரி ஒரு நாற்றம். வீட்டுக்காரர் மேலே ஓடிவந்து என்னப்பா என்றார்.

டிஸ்க்கைத் தரவு மீட்கும் இடத்துக்கு எடுத்துப்போனேன். மேசையில் இருந்தவர் லென்ஸ் வைத்துப் பார்த்தார். சிப்பே வெடித்திருக்கிறது, இதிலிருந்து ஒரு எழுத்துகூட வராது என்றார். பிறகு பவர் சப்ளையையும் ஒயரையும் கையில் எடுத்தார். "ஒரு கம்பெனி ஒயரை இன்னொரு கம்பெனி பெட்டியில போடக்கூடாதுங்க. செருகினா உள்ளே போகும். ஆனா உள்ளே கம்பி வரிசை வேற. அஞ்சு வோல்ட் போக வேண்டிய இடத்துல பன்னெண்டு போயிருக்கு. இது எங்க மேசையில உட்கார்ற எல்லாருக்கும் முதல் நாளே சொல்லிக்கொடுக்கிறது. உங்களுக்கு யாரு சொன்னாங்க?" என்று கேட்டார். நானாகத்தான் செய்தேன் என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை நீ பார்த்திருக்க வேண்டும்.

முதல் நாளே சொல்லிக்கொடுப்பார்களாம். உனக்கு அந்த மேசையில் பதினான்கு வருடம்.

என்னை அழிக்க நினைத்தாய், சரி. என் சுற்றும் என் அணியும் போயின, அதைப் பற்றி ஒன்றும் இல்லை. குரல் அதற்குள் இருந்தது உனக்குத் தெரியாது. அது என் பொய். அதை நான் சுமந்துகொள்கிறேன். ஆனால் வியாழக்கிழமை உனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. சனிக்கிழமை வரை இரண்டு நாள் இருந்தது. அம்மா தினமும் எனக்குச் "சாப்பிட்டியா" என்று செய்தி அனுப்புகிறாள். வியாழனும் அனுப்பினாள், வெள்ளியும் அனுப்பினாள். அவள் போனில் "ஒயரை மாத்து" என்று இரண்டே வார்த்தை தட்டியிருந்தால் போதும். நீ அவளிடம் போகவில்லை. போனால் ஏன் என்று கேட்பாள். அதற்குப் பதில் சொல்வதைவிட அவள் குரல் போவது உனக்குப் பரவாயில்லை.

அவள் உன்னைப் பற்றிச் சொன்னதையும் எழுதிவிடுகிறேன், இனி வேறு எங்கும் அது இல்லை. நானூற்றுப் பத்தாவது வாக்கியத்துக்குப் பிறகு தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னாள்: "பெரியவ வாய் நெருப்புடா. பக்கத்துல நிக்க முடியாது. ஆனா பொய் மட்டும் சொல்லமாட்டா. அவளை நம்பி நான் கண்ணை மூடலாம்."

காகிதம் வேண்டும், தேதி வேண்டும், கையெழுத்து வேண்டும் என்றாயே. மார்ச் 21 தேதியிட்ட உன் கடிதத்தை, என்ன நடந்தது என்று நானும் ஒரு பக்கம் எழுதி, அம்மா பெயருக்கே இன்று பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். அவள் கையெழுத்துப் போட்டால்தான் கொடுப்பார்கள்.

சின்னவன்


ஏப்ரல் 25

சின்னவனுக்கு,

வந்தது.

நான் வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைந்தபோது அம்மா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். மடியில் உறை. போனை அழுத்தினாள். அந்த ரயில் நிலையப் பெண் சொன்னாள்: "கண்ணாடியைக் காணவில்லை. வந்த கடிதத்தைப் படி."

முதலில் என் கடிதம்தான் இருந்தது. நின்றபடியே படித்தேன். நீ உட்கார்ந்துகொள்ளச் சொன்னது நினைவுக்கு வந்தது. வாட்டைப் படித்தேன், பம்பைப் படித்தேன், பிளாஸ்டிக் தாளைப் படித்தேன். ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து கட்டினேன் என்பதைப் படித்தேன். அடுத்த மூன்று வரியை விட்டுவிட்டு, "எல்லாம் முடிந்து ஓடியதும் எழுது, அம்மா நலம்" என்று முடித்தேன். உன் பக்கத்தில் "பவர் சப்ளை கோளாறு, டிஸ்க் போய்விட்டது" என்று மட்டும் படித்தேன். குரல் தடுமாறவில்லை. அந்த அளவுக்கு எனக்குப் பொய் நன்றாகவே வருகிறது என்று எனக்கே அன்றுதான் தெரிந்தது.

அம்மா தலையணைக்கு அடியில் கையை விட்டுக் கண்ணாடியை எடுத்தாள். அதைத் துடைத்தாள், மாட்டிக்கொண்டாள். உறை எப்போதோ கிழிக்கப்பட்டிருந்தது என்பதை அப்போதுதான் கவனித்தேன். காலையிலிருந்து எத்தனை முறை படித்தாளோ தெரியாது. அவளுக்குப் போனது தொண்டைதான். காகிதத்தை ஒரு முறைகூடப் பார்க்காமல் போனில் தட்டினாள். தட்டி முடித்து அழுத்தினாள்.

"ஒயர்களை மாற்றாதே. பழையதையே புதுப் பெட்டியில் செருகு, அப்படியே பொருந்தும்."

"அம்மா, குரல் அதுக்குள்ளதான் இருக்குன்னு எனக்குத் தெரியாதும்மா" என்றேன். அவள் மறுபடி அழுத்தினாள். "வியாழக்கிழமை வந்து சொல்லியிருக்கணும்" என்றேன். மறுபடி அழுத்தினாள். காலில் விழுந்தேன். காலை இழுத்துக்கொண்டாள்.

எட்டு நாளாயிற்று என்று நினைத்திருந்தேன், மூன்று நாள்தான் ஆகிறது. குழாயைத் துடைக்கப் போனால் கையைத் தட்டிவிட்டுத் தானே கண்ணாடி முன் நின்று துடைத்துக்கொள்கிறாள். பசிக்கிறதா, வலிக்கிறதா, ஃபேன் போடவா, எதைக் கேட்டாலும் அந்த ஒரே வாக்கியத்தைத்தான் அழுத்துகிறாள். அதைச் சேமித்து வைத்திருக்கிறாள், ஒவ்வொரு முறையும் தட்டவேண்டியதில்லை.

நீ சந்தோஷப்படாதே. உன் பக்கத்தையும் அவள் முழுதாகப் படித்தாள். "தனி டிஸ்க் என்று நான் சொன்னது பொய்" என்ற இடத்தில் நகத்தால் கோடு கிழித்திருக்கிறாள். உனக்குச் "சாப்பிட்டியா" வந்து எத்தனை நாள் ஆகிறது? உன் எண்ணை அவளே தடுத்துவிட்டாள். எப்படித் தடுப்பது என்று என்னிடம் கேட்கவில்லை, நான் உன்னைத் தடுத்ததை அன்று பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறாள். இனி உனக்கும் காகிதம்தான். எழுதினால் அவளுக்கே எழுது, நான் படித்துக்காட்டப் போவதில்லை. அவள் கேட்கவும் மாட்டாள்.

நான் வேலைக்குக் கிளம்ப வேண்டும். செருப்பை மாட்டும்போது "போயிட்டு வரேம்மா" என்று சொல்வது வழக்கம். சொல்லாமல் போய்ப் பார்த்தேன், நேற்று. கதவைச் சாத்திவிட்டு இரண்டு படி இறங்கினேன். உள்ளே அந்தப் பெண் சொல்லிக்கொண்டிருந்தாள்: "அப்படியே பொருந்தும்."

பெரியவள்